புதுசு எடுங்க என்று சொல்வதற்கு முன்னால்: கொங்குப் பகுதிச் செல்போன் கடைக்காரர்களுக்குத் திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் டவுன்களிலும், அவிநாசி, காங்கயம், தாராபுரம், கோபி, பெருந்துறை பஸ் ஸ்டாண்டுகளைச் சுற்றியும் கடை போட்டிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்ங்க.

நான் பல்லடம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார், தறி மோட்டார், கிரைண்டர் மோட்டார் எல்லாம் வரும். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயிக்கு உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரியாது, ஓடவில்லை என்பது மட்டும்தான் தெரியும், மிச்சமெல்லாம் நான் சொல்வதுதான். கெபாசிட்டர் போயிருந்தால் கெபாசிட்டர் என்று சொல்ல வேண்டும், புஷ் தேய்ந்திருந்தால் புஷ் என்று சொல்ல வேண்டும். கெபாசிட்டர் போனதற்குக் காயில் கட்டச் சொல்லிப் பணம் வாங்கினேன் என்று வையுங்கள், அப்புறம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரும் என் பட்டறைப் பக்கம் வர மாட்டார்கள். உங்கள் கவுண்டர் முன்னால் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறவர் நிலைமையும் இதேதான். அதனால்தான் இந்த மடலைப் போன் கம்பெனிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். கம்பெனிக்காரர் வருஷா வருஷம் புது மாடல் விடத்தான் செய்வார், அவர் எங்கோ இருக்கிறார். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் நீங்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். புதுப் போன் கேட்டு உங்களிடம் வருகிற நிறையப் பேருக்குப் புதுப் போன் தேவையே இல்லை. காலேஜ் பையனுக்கும் இல்லை, அவன் அப்பாவுக்கும் இல்லை. போனைக் கையில் வாங்கிப் பார்த்த மறு நிமிஷமே அது உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை அவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

வருகிறவர் என்ன சொல்கிறார்? "சார்ஜே நிக்கறதில்லீங்க." "ரொம்ப ஹேங் ஆகுதுங்க." "மெமரி ஃபுல்லு, மெமரி ஃபுல்லுன்னே வருதுங்க." பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. இதற்கு நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற பதில், நான் பக்கத்தில் நின்று பல தடவை கேட்டது: "இது ஓல்டு மாடலுங்க, இதுக்குப் போய்ச் செலவு பண்ணாதீங்க, ஆஃபர் போயிட்டிருக்குது, புதுசு எடுத்துக்கங்க." போனைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் அக்கா பையன் போனுக்கும் ஒரு கடையில் இதைத்தான் சொன்னார்கள். வேறொரு சின்னக் கடையில், டீக்கடைக்கு மேலே ஒரு ரூமில் உட்கார்ந்திருக்கிற பையன், பேட்டரியை மாற்றி, சார்ஜிங் பின்னில் அடைத்திருந்த பஞ்சைக் குத்தி எடுத்துக் கொடுத்தான். தறி ஓடுகிற வீட்டில் பஞ்சு எங்கேதான் போகாது? அந்தப் போன் இன்றைக்கும் ஓடுகிறது.

பேட்டரி என்பது தேய்கிற சாமான். ஐபோன் 14 வரைக்கும் உள்ள மாடல்களுக்கு ஆப்பிள் சொல்கிற கணக்கு, 500 முறை முழுச் சார்ஜ் ஏறி இறங்கினால் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வரும் என்பது. ஐபோன் 15-இலிருந்து 1,000 முறை என்கிறார்கள். தினமும் ஒரு சார்ஜ் போட்டால் 500 என்பது ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 35 டிகிரிக்கு மேல் போனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகவே குறையலாம் என்று அதே ஆப்பிள் எழுதி வைத்திருக்கிறது. சித்திரை மாதம் ஈரோட்டிலும் கரூரிலும் 40 டிகிரி தாண்டுகிறது. சங்ககிரி, நாமக்கல் லாரி டிரைவர்கள் முன்கண்ணாடிக்குக் கீழே போனை மாட்டி, மேப் ஒரு பக்கம் ஓட, சார்ஜ் ஒரு பக்கம் ஏற, பகல் முழுக்க வெயிலில் நாக்பூர் வரைக்கும் கொண்டுபோகிறார்கள். பேட்டரி சீக்கிரம் போகத்தான் செய்யும். போனது பேட்டரி மட்டும்தான்.

ஹேங் ஆவதிலும் பேட்டரிக்குப் பங்கு உண்டு என்பதைப் பலரும் நம்புவதில்லை. பேட்டரிக்கு வயதானால் அதன் உள்மின்தடை கூடிவிடும், திடீரென்று அதிகக் கரண்ட் கேட்டால் கொடுக்க முடியாது, போன் தானாக அணைந்துவிடும். அப்படி அணையாமல் இருக்க, பழைய பேட்டரி உள்ள சில ஐபோன்களில் பிராசசர் வேகத்தைச் சாஃப்ட்வேர் மூலமாகக் குறைத்திருந்தோம் என்று 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒத்துக்கொண்டது. வாங்கினவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்து எத்தனையோ பேர் புதுசு வாங்கியிருப்பார்கள். விஷயம் வெளியே வந்த பிறகு அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள், மாற்றினவர்களுக்குப் போன் பழைய வேகத்துக்கு வந்தது. மக்களுக்குச் சொல்லாமல் மறைத்ததற்காக 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று சொல்லாமல் விட்டதற்கே அந்த நிலைமை. நம் ஊர்க் கடையில் பேட்டரிதான் கோளாறு என்று தெரிந்தும் சொல்லாமல் புதுப் போனை எடுத்து வைத்தால் அது மட்டும் எப்படிச் சரியாகும்?

மெமரிக்கு வருவோம். என் மச்சான் போனில் பங்காளி குரூப், குலதெய்வக் கோயில் குரூப், தறிக்காரர் குரூப், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் குரூப். காலை வணக்கம் படம் ஒரு நாளைக்கு எத்தனை வருகிறது என்று கேட்காதீர்கள். காது குத்து வீடியோ, கிடா விருந்து வீடியோ, ஒரே வீடியோ நான்கு குரூப்பில். அத்தனையும் தானாக இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. இடம் நிரம்பிவிட்டால் புதிதாக எழுத வெற்று இடம் தேட வேண்டியிருப்பதால் போன் திணறும், அவர் ஹேங் என்று சொல்வது அதைத்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் போய்ப் பெரிய ஃபைல்களை அழித்து, தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்தி வைத்தால் முடிந்தது. டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. அதற்கு ஐம்பதோ நூறோ வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வேலைக்குக் கூலி வாங்குவது நம் உரிமை.

அப்புறம் பயமுறுத்திப் பேசுவது. "ஃபோர் ஜி நிக்கப் போகுதுங்க, ஃபைவ் ஜி போன் இல்லாட்டி ஒண்ணும் வேலைக்காகாது" என்று சொல்லி விற்கிறார்கள். இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1. அதற்கு மூன்று வருஷம் கழித்து, 2025 செப்டம்பர் 27-ஆம் தேதிதான் பி.எஸ்.என்.எல். தன்னுடைய 4ஜியை 97,500-க்கும் மேற்பட்ட டவர்களோடு தொடங்கி வைத்தது. நிறுத்தப் போகிற ஒன்றுக்கு அவ்வளவு டவர் நட மாட்டார்கள். "பழைய போன்ல வாட்ஸ்அப் வராதுங்க" என்பது இன்னொன்று. 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் கைவிட்டது ஆண்ட்ராய்டு 4.4 என்கிற பழைய போன் சாஃப்ட்வேரை. அது 2013-இல் வந்தது, 11 வருஷம் ஓடியிருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கின போனைக் கையில் வைத்திருக்கிறவரிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்துவது பொய்தானே?

பையன்கள்தான் போன் போன் என்று பறக்கிறார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூர் காலேஜில் சேர்கிற பையனுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்: கேமரா நன்றாக இருக்க வேண்டும், கேம் விளையாடினால் சூடாகக் கூடாது, ஹாஸ்டலில் நாலு பேர் முன்னால் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த வயதில் அது அவனுக்குப் பெரிய விஷயம். கண்ணாடி உடைந்த போனைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே கூசுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் நிறையப் பேருக்கு டிஸ்ப்ளே மாற்றினாலே போய்விடும். பெரியவர்கள் கதை வேறு. கல்யாணத்தில் சம்பந்தி கையில் பார்த்தோம், தீபாவளி போனஸ் வந்தது, மஞ்சள் நல்ல விலைக்குப் போனது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாற்றிவிட்டார், இப்படித்தான் வாங்குகிறார்கள். வாங்கின புதுப் போனிலும் செய்வது அதே போன் பேசுவது, வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே. பழைய போனில் எது முடியவில்லை என்று கேட்டால் பதில் வராது. நீங்கள் அதைக் கேளுங்கள். "ஏனுங்க, இதுல உங்களுக்கு என்னங்க ஆகல?" என்று ஒரு கேள்வி. கேட்டாலே பாதி விஷயம் தெளிந்துவிடும்.

புதுப் போன் வந்த வீட்டில் பழையது எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மகன் போன் அப்பாவுக்கு, அப்பா போன் அம்மாவுக்கு, அம்மா போன் மகளுக்கு, அதுவும் முடியாமல் போனால் தோட்டத்தில் இருக்கிற அப்பத்தாவுக்கு. வீட்டிலேயே மோசமான பேட்டரி யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் டவுன் பஸ்ஸில் வருகிற பொண்ணிடமும், தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிற வயசானவர்களிடமும். 2024 நவம்பரில் எங்கள் பல்லடம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள், 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் ஒரு வயதான தம்பதியைக் கொன்றார்கள். அந்தச் செய்திகளுக்குப் பிறகு, மதியத்துக்கே அணைந்துபோகிற போனை அப்பத்தா கையில் கொடுத்துவிட்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியாது. வீட்டுக்கு ஒரு புதுப் போன் வாங்குகிற காசில் வீட்டிலிருக்கிற எல்லாப் போனுக்கும் பேட்டரி மாற்றி, மிச்சமும் பிடிக்கலாம். வருகிறவர் இதை யோசிக்காமல் வருகிறார். நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார், ஏனென்றால் எல்லா வீட்டிலும் ஒரு பொண்ணோ ஒரு அப்பத்தாவோ இருக்கிறார்கள்.

தவணையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற பிள்ளைகள், கையில் இருப்பதற்கு மேல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்குப் போன் எடுப்பது உங்கள் கடையில் உட்கார்ந்திருக்கிற ஃபைனான்ஸ் ஆள் மூலமாகத்தான். வட்டியே இல்லை என்கிறார். 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, கிரெடிட் கார்டு தவணைத் திட்டங்களில் வட்டியை பிராசசிங் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு, தவணை முடிகிறபோது மொத்தம் எவ்வளவு என்று இரண்டு தொகையையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். தவணை தவறினால் போனையே பூட்டிவிடுகிற ஆப் உள்ளே இருந்தால் அதையும் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள். பதினெட்டு வயசுகூட ஆகாத பையன் அப்பாவின் ஆதாரையும் பான் கார்டையும் தூக்கிக்கொண்டு வந்தால், அப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சரி, யாருமே புதுசு வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. போர்டு போய்விட்டது, சாமான் கிடைக்கவில்லை, தண்ணீர் உள்ளே போய் அரித்துவிட்டது என்றால் வாங்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. செக்யூரிட்டி அப்டேட், அதாவது திருட்டுக்கு ஓட்டை இல்லாமல் கம்பெனி அவ்வப்போது அனுப்புகிற சாஃப்ட்வேர், நின்றுபோன போனில் பேங்க் ஆப்பும் ஜிபேயும் வைத்திருப்பது ஆபத்து, கொஞ்ச காலத்தில் பேங்க் ஆப்பே அதில் ஓடாமல் போகும். 2023-இல் வந்த கூகுள் பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 24-க்கும் ஏழு வருஷம் அப்டேட் தருவதாகக் கம்பெனிகள் சொல்லியிருக்கின்றன. விலை குறைந்த போன்களில் சிலவற்றுக்கு இரண்டு மூன்று வருஷத்தோடு நின்றுவிடும், சிலவற்றுக்கு ஆறு வருஷம் வரை வரும். இரண்டும் உங்கள் கண்ணாடி அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வாங்குகிறவர் மெகாபிக்சலையும் ரேமையும் மட்டும் பார்க்கிறார், ஏனென்றால் ஸ்டிக்கரில் அது மட்டும்தான் இருக்கிறது. விலைச் சீட்டில் "அப்டேட் 2031 வரை" என்று கையால் எழுதி ஒட்டுங்கள். மருந்து வாங்கும்போது காலாவதித் தேதி பார்க்கப் பழகின மக்கள் இதையும் பழகிக்கொள்வார்கள். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சட்டம் மற்ற ஊரில் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20-இலிருந்து விற்கிற புது மாடல்களுக்கு, 800 முறை சார்ஜ் ஆன பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் நிற்க வேண்டும், விற்பனையை நிறுத்தின பிறகும் ஏழு வருஷம் ஸ்பேர் கிடைக்க வேண்டும், ஐந்து வருஷமாவது அப்டேட் வர வேண்டும், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பது லேபிளிலேயே இருக்க வேண்டும். அதே கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. இந்தியாவிலும் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2024 செப்டம்பரில் ஒரு குழு அமைத்து, பழுது பார்க்க எவ்வளவு வசதி என்று பொருள்களுக்கு மதிப்பெண் போடுவது பற்றிக் கேட்டது. குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. ஒரிஜினல் ஸ்பேர் நியாயமான விலையில் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சமயம் கிடையாது. ஆன்லைன் விற்பனைக்கு எதிராகக் குரல் கொடுக்கிற உங்கள் சங்கங்கள் ஸ்பேருக்காகவும் அதே அளவுக்குக் குரல் கொடுக்க வேண்டும்.

ஸ்பேர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். காப்பி காம்போவை, அதாவது டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த சாமானை, போட்டுவிட்டு ஒரிஜினல் என்று காசு வாங்குகிற கடைகள் இருக்கின்றன, அவர்களால்தான் "ரிப்பேர் பண்ணினா நிக்காதுங்க" என்கிற பேச்சே வந்தது. காப்பி போடுவது தப்பில்லை, காப்பி என்று சொல்லிப் போட்டால் சரி. எந்தச் சாமான், எத்தனை மாதம் கேரண்டி என்று பில்லில் எழுதுங்கள். தண்ணீர் புகாத போனைத் திறந்தால் பழைய சீல் அப்படியே நிற்காது, அதையும் சொல்லுங்கள். டிஸ்ப்ளேயில் பச்சைக் கோடு விழுந்த சில மாடல்களுக்கு இந்தியாவில் கம்பெனியே இலவசமாக மாற்றிக் கொடுத்தது, அது தெரியாமல் காசு கொடுத்து மாற்றினவர்களும் போனைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. அந்த மாதிரி அறிவிப்பு வந்தால் கடை வாசலில் ஒட்டி வையுங்கள். கழற்றின பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல், உப்பினது என்றால் தனியாக எடுத்து வைத்து, மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான், கடை வாடகை யார் கொடுப்பது? புதுப் போனில் உங்களுக்கு நிற்கிற மார்ஜின் எவ்வளவு கொஞ்சம் என்று கடைக்கார நண்பர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆன்லைனில் உங்களைவிடக் குறைத்துக் கொடுக்கிறார்கள், அந்த ஓட்டத்தில் நீங்கள் ஜெயிக்க முடியாது. ஆனால் ஆன்லைன்காரர் போனைத் திறந்து பார்த்து, "பேட்டரிதானுங்க, ஒரு மணி நேரம் உக்காருங்க" என்று சொல்ல முடியாது. 1937-லேயே சொந்தமாக மோட்டார் செய்த ஊர் கோயம்புத்தூர். இங்கே தோட்டத்துக் கிணற்றில் அப்பா காலத்து மோட்டார் பல தடவை காயில் கட்டி இன்னமும் தண்ணீர் எடுக்கிறது. அந்த வேலையை நம்பித்தான் என்னைப் போல ஆயிரக்கணக்கான பட்டறைக்காரர்கள் சோறு சாப்பிடுகிறோம். கைவேலைக்குக் காசு கொடுக்க இந்த ஊர் மக்கள் தயங்குகிறவர்கள் கிடையாது, ஏமாற்றினால்தான் திரும்பி வர மாட்டார்கள்.

என் பட்டறைக்கு வருகிற விவசாயிகளும் தறிக்காரர்களும் போனைப் பற்றியும் என்னிடம்தான் கேட்கிறார்கள், எந்தக் கடைக்குப் போகலாம் என்று. பேட்டரி விலையும் கேரண்டியும் எழுதிப் போட்டு, அப்டேட் தேதியை ஸ்டிக்கரில் ஒட்டி, காப்பியைக் காப்பி என்று சொல்லுகிற கடை பல்லடம், சூலூர், பொங்கலூர், காங்கயம் வட்டாரத்தில் எது இருந்தாலும் எனக்குத் தெரியப்படுத்துங்கள். பட்டறைச் சுவரில் உங்கள் கடைப் பெயரைப் பெரிசாக எழுதி வைத்து, வருகிறவர்களை உங்களிடமே அனுப்புகிறேன்.